ஜீப் கிளம்புவதற்குள்

பென்சிலைத் தள்ளிப் பிடிக்கணும், முனையிலிருந்து நாலு விரல் தள்ளி, தாளுக்கு வலிக்காமல் தடவணும் என்று வந்த அன்றைக்கே, படம் சொல்லித்தருகிற நிரஞ்சனா படித்துப் படித்துச் சொன்னாள். குமுதவல்லிக்கு அது காதில் ஏறியது, கையில் ஏறவில்லை. எப்படி ஏறும்? பத்திரப் பதிவு ஆபீசில் காலமெல்லாம் நகல் எழுதிய கை அது. கார்பன் தாள்களை அடுக்கி வைத்து, பேனாவை அமுக்கி எழுதினால்தான் அடியில் இருக்கிற கடைசித் தாளில் எழுத்து விழும். விழாவிட்டால் மேலதிகாரி மூஞ்சியில் விட்டெறிவார். அந்தக் கையைக் கொண்டுவந்து தாண்டிக்குடி மலையில், காட்டுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிற பழைய காப்பித் தோட்டத்து பங்களாவில், நீள வராந்தாவில் உட்கார வைத்து, கலர் பென்சிலைக் கொடுத்து, மெல்லத் தொடுங்கள் என்றால் அது கேட்குமா? எதிரே ஒரு பழுத்த இலை கிடக்கிறது. காலையில் எல்லாரையும் காட்டுக்குள் அழைத்துப் போய், கீழே விழுந்து கிடப்பதில் ஆளுக்கொன்று பொறுக்கிக்கொள்ளுங்கள், மரத்திலிருந்து பறிக்கக் கூடாது என்றாள் நிரஞ்சனா. மற்றவர்கள் காய், கொட்டை, பாசி படிந்த குச்சி என்று சமர்த்தாகப் பொறுக்கினார்கள். பக்கத்து நாற்காலியில் இருக்கிற கோயம்புத்தூர் பல் டாக்டரம்மா ஒரு பறவை இறகைக் கண்டுபிடித்து, அதை அப்படியே உயிரோடு தாளில் இறக்கிக்கொண்டிருக்கிறாள். குமுதவல்லி இந்த இலையைத்தான் எடுத்தாள். பாதி மஞ்சள், பாதி துரு, நடு நரம்பு மட்டும் வெயில் பட்டுப் பளிச்சென்று வெள்ளை. வெள்ளையைத் தீட்ட முடியாது, பெட்டியில் இருக்கிற வெள்ளைப் பென்சிலை நம்பாதீர்கள், எங்கே வெள்ளை வேண்டுமோ அங்கே தாளைச் சும்மா விட்டுவிடுங்கள் என்பது இங்கே சட்டம். சும்மா விடுவதாம். வாழ்நாளில் எதை அவள் சும்மா விட்டிருக்கிறாள்? அங்கே முதியோர் இல்லத்தில் அவர், அவளுடைய புருஷன், இன்னேரம் எழுந்திருப்பார். இட்லி கொடுத்திருப்பார்களோ, இல்லை, எல்லாருக்கும் சேர்த்து ரவா உப்புமாவைக் கிண்டிப் போட்டிருப்பார்களோ. உப்புமா அவருக்குத் தொண்டையில் நிற்கும். சொல்லியிருக்கிறாளா? சொன்னாள். மகன் முரளியிடம் சொன்னாள். முரளி அவர்களிடம் சொன்னானா என்பது அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

பன்னிரண்டு மணிக்குள் ஜீப் கீழே இறங்கும். வத்தலக்குண்டுக்குக் காய்கறி வாங்கப் போகிறேன், கீழே ஏதாச்சும் வேணுமாம்மா என்று காலையில் டிரைவர் பொன்ராசு ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தபோது, டாக்டரம்மா சீயக்காய்ப் பொடி என்றாள், இன்னொருத்தி இருமல் மாத்திரை என்றாள், குமுதவல்லி மட்டும் குரலைத் தாழ்த்தி, நானும் வரலாமாப்பா என்றாள். அவன் தலையாட்டினான். "தாராளமா வாங்கம்மா. பஸ் ஸ்டாண்டுலயே எறக்கி விட்டுர்றேன். எந்த ஊரு? திருச்சியா? பொழுது சாயறதுக்குள்ள போயிரலாம்." துணியெல்லாம் பைக்குள்தான் இருக்கிறது, வந்ததிலிருந்து எதையும் எடுத்து அலமாரியில் வைக்கவே இல்லை. ஏறி உட்கார்ந்தால் சாயங்காலம் அந்த இல்லத்து வாசலில் நிற்கலாம். அவர் தேடிக்கொண்டிருந்தால். தேடிக்கொண்டிருந்தால் போய்த்தான் ஆக வேண்டும், அதில் இரண்டாவது பேச்சே கிடையாது. அஞ்சு நாள் அப்பா அங்க இருக்கட்டும், நீயும் ஒரு நாள்கூட ஓயலையேம்மா, காட்டுக்குள்ள ஒரு இடத்துல தங்கிப் படம் வரையச் சொல்லித் தர்றாங்களாம், நீதான் சின்ன வயசுல நல்லா வரைவேன்னு சொல்லுவியே, போயிட்டு வா என்று முரளி எவ்வளவு தேனொழுகச் சொன்னான். மருமகள் ஷர்மிளா கலர் பென்சில் பெட்டியே வாங்கி வந்துவிட்டாள், தகர டப்பாவில். ஆனால் ஒன்று, அந்த அஞ்சு நாளும் நீ அங்கே போன் பண்ணக் கூடாது, அவங்களே சொல்லியிருக்காங்க, குரலைக் கேட்டா அவருக்குப் பழகாது. பழகாதாம். பழக வேண்டியது அஞ்சு நாளுக்கா? அஞ்சு நாளுக்கு யாராவது ஸ்வெட்டர் எடுத்து வைப்பார்களா, இந்தப் புரட்டாசிப் புழுக்கத்தில்? அவள் கண்ணால் பார்த்தாள். அவருடைய பெட்டியில் அடியில் ஸ்வெட்டர் இருந்தது. அதைப் பார்த்ததும் ஏதோ கேட்க வாயெடுத்தாள், கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? அதற்குள் குக்கர் விசில் அடித்தது. குக்கர் விசில் அடித்தால் வாய் அடைத்துப் போகுமா என்ன?

ஐயோ, மஞ்சள் கோட்டைத் தாண்டிவிட்டது. நரம்பின் ஓரம் வரை போய்விட்டது. மெல்ல, மெல்ல. வட்டம் வட்டமாக. ஒரு அடுக்கு, அதன் மேல் ஒரு அடுக்கு. சரியான அழுத்தம் என்றால் தாள் பென்சிலைத் தானே வாங்கிக்கொள்ளும் என்கிறாள் அந்தப் பெண். வராந்தாவுக்கு வெளியே மரங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன, உள்ளே வெயிலே போகாது போலிருக்கிறது, மத்தியானத்திலும் அந்தி மாதிரி ஒரு இருட்டு. ஈரம், இலை மக்கும் நாற்றம், அடுப்படியிலிருந்து வெங்காயம் வதங்குகிற வாசனை. காட்டெருமை வரும், தனியாகப் போகாதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அவருக்குக் காடென்றால் உயிர். ஹைஸ்கூல் டிரில் மாஸ்டர் சபேசன், ஒவ்வொரு வருஷமும் சாரணர் பையன்களைக் கூட்டிக்கொண்டு ஏதாவது ஒரு மலையில் கூடாரம் அடித்துவிட்டு, உடம்பெல்லாம் கீறலோடு வந்து நிற்பார். தெருமுனையில் திரும்பும்போதே "குமுதா!" என்று ஒரு கத்தல். விசில் ஊதி ஊதிப் பழகிய தொண்டை, மெதுவாகக் கூப்பிடத் தெரியாது. துண்டு வேண்டும், குமுதா. கண்ணாடியைக் காணோம், குமுதா. பேப்பரில் என்ன போட்டிருக்கிறான் பார், குமுதா. ஒரு நாளைக்கு எத்தனை குமுதா! எதிர்வீட்டுக்காரி கேலி பண்ணுவாள், உங்க வீட்டுக்காரர் கூப்பிட்டா எங்க வீட்டு நாய் எந்திரிச்சு நிக்குது என்று. என்னத்துக்கு இப்படி ஊரைக் கூட்டுறீங்க, நான் என்ன செவிடா என்று எத்தனை தடவை எரிந்து விழுந்திருக்கிறாள். இப்போது அந்த வாயில் அந்தப் பெயர் வந்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒன்றரை வருஷம்! ஒரே வீட்டுக்குள், ஒரே தட்டில் பிசைந்து ஊட்டிக்கொண்டு.

கால் என்னமோ நசநசக்கிறது. குனிந்து பார்த்தால் காலுறை சிவப்பாக ஊறிப் போயிருந்தது. அட்டை. காலையில் காட்டுக்குள் போனபோது ஏறியிருக்கிறது, குடிக்கிற வரைக்கும் குடித்துவிட்டுத் தானே விழுந்துவிட்டது, வலி என்று ஒரு பொட்டுகூட இல்லை. டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "பயப்படாதீங்க, ரத்தம் கொஞ்ச நேரம் நிக்காது, அப்புறம் தானா நின்னுடும்" என்று ஒரு பஞ்சைக் கொடுத்துவிட்டு மறுபடி இறகுக்குள் போய்விட்டாள். குமுதவல்லி பஞ்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எப்போது கடித்தது? யாருக்குத் தெரியும். அவருக்கும் மறதி எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்டார், அவள் முழித்தாள். மார்க்கெட்டுக்குப் போனவர் கத்தரிக்காயோடு குழந்தைக்குக் கொடுக்கிற கிரைப் வாட்டர் ஒரு பாட்டில் வாங்கி வந்தாரே, அன்றைக்கா? யாருக்குங்க இது என்றாள். பிள்ளைக்கு வயித்து வலின்னு ராத்திரி பூரா அழுதானே என்றார். பிள்ளைக்கு நாற்பது வயசு, மும்பையில் ஏதோ மீட்டிங்கில் இருந்தான். அவள் சிரித்தாள். பாவி, சிரித்தாள்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார், விஷயம் என்னவென்று தெரியாமலே. அன்றைக்கே கூட்டிக்கொண்டு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் எல்லா டாக்டரும் சொல்கிறார்கள். ஆனாலும் மனசு கேட்கிறதா. பஞ்சு சிவந்துவிட்டது, இன்னொரு பஞ்சு கேட்க வேண்டும்.

துருக் கலரை எடுத்தாள். இலை ஓரத்தில் வைத்தாள். முதலில் அவர் அவளை அக்கா என்றார். அவருடைய அக்கா செத்துப் பதினைந்து வருஷம். போகட்டும், அக்காவும் சொந்தம்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அப்புறம் டீச்சர் என்றார். அப்புறம் வீட்டுக்காரம்மா என்றார். இந்த மாசம் வாடகை கொஞ்சம் லேட்டாகும் என்று கை கட்டிக்கொண்டு நின்றார். தன் சொந்த வீட்டில், தான் செங்கல் செங்கலாகப் பார்த்துக் கட்டிய வீட்டில்! அதை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை. பயிற்சி கொடுத்தால் மூளை மறுபடியும் பிடித்துக்கொள்ளும் என்று ஷர்மிளா போனில் ஏதோ படம் காட்டினாள். அவ்வளவுதான், அன்றிலிருந்து தினமும் காலையில் காப்பி கொடுக்கும் முன் அவரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, நான் யாரு, சொல்லுங்க, நான் யாரு. சொன்னால்தான் காப்பி. தெரியாமல் முழிப்பார். சொல்லுங்க, இவ்வளவு காலம் கூடப் பிழைச்சவ பேரு தெரியாதா? முகத்தைத் திருப்புவார். திருப்பாதீங்க, என்னைப் பாருங்க. கு. கு. சொல்லுங்க, கு. ஒன்றாங்கிளாஸ் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி. ஒருநாள் அவருடைய முகவாயைப் பிடித்து, இதே கையால், விரல் பதியப் பிடித்து, தன் பக்கம் திருப்பினாள். உதடு குவிந்தது, கு என்று வந்தது, வந்தேவிட்டது என்று அவள் பிராணனைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் வரவில்லை. அவர் அழுதார். டிரில் மாஸ்டர் சபேசன், ஆயிரம் பையன்களை ஒரு விசிலில் நிற்க வைத்தவர், வேட்டியை நனைத்துக்கொண்டு அழுதார். அவள் அப்போதாவது நிறுத்தினாளா? அடுத்த நாளும் கேட்டாள். கோபத்தில் கேட்டாள் என்றுதான் முரளி நினைத்தான். கோபமா அது? பயம். இவர் மறந்துவிட்டால் தான் யாருக்குக் குமுதா? ஆபீசில் மேடம், தெருவில் முரளி அம்மா, ஷர்மிளாவுக்கு அத்தை. குமுதா என்று கூப்பிட இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஒரே ஒரு வாய். அதுவும் போனால் அந்தப் பெயரைக் கொண்டுபோய் எங்கே வைப்பது?

"ஆன்ட்டி, ஆன்ட்டி, கொஞ்சம் நிறுத்துங்க." நிரஞ்சனா பின்னால் வந்து நின்றதே தெரியவில்லை. குமுதவல்லி தாளைப் பார்த்தாள். இலையின் வலப் பக்கம் முழுதும் துருக் கலர் கட்டியாக ஏறி, மெழுகு பூசினாற்போல் பளபளவென்று மின்னியது. நடு நரம்பும் போச்சு. விட்டு வைக்க வேண்டிய வெள்ளை முழுதும் போச்சு. நிரஞ்சனா மஞ்சள் பென்சிலை வாங்கி அதன் மேல் லேசாகத் தீட்டிக் காட்டினாள். கலர் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. "தாள்ல சின்னச் சின்னச் சொரசொரப்பு இருக்கும், சொன்னேனில்ல, அதுதான் கலரைப் பிடிச்சுக்கும். நீங்க அமுக்கினதுல அது படிஞ்சு போச்சு. இனிமே இந்த இடத்துல எதுவும் ஒட்டாது." குமுதவல்லி ரப்பரைத் தேடினாள். "ரப்பர் போட்டு அழிச்சா?" "அழிச்சா தாள்தான் கிழியும்." "அப்ப என்னதான் பண்றது?" "ஒண்ணும் பண்ண வேணாம் ஆன்ட்டி. அப்படியே விட்டுட்டு வேற தாள் எடுங்க. எல்லாருக்கும் முதல்ல இப்படித்தான் ஆகும்." சின்னப் பெண், நல்ல மனசோடுதான் சொன்னாள். வேற தாளாமே! முரளியும் இதே மாதிரி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல மனசோடுதான் சொன்னான். அம்மா, அப்பா உன்னைப் பார்த்துப் பயப்படறார்மா. நீ சமையல்கட்டுலேர்ந்து வெளிய வந்தா கதவுக்குப் பின்னாடி போய் நின்னுக்கறார். அந்தம்மா போயிட்டாங்களான்னு என்கிட்ட கேக்கறார். பெற்ற பிள்ளை வாயால் அதைக் கேட்டாள், கேட்டுவிட்டு எழுந்து போய்ப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். அவள்தான் இறக்கினாள். வேட்டி, துண்டு, அவருக்குப் பிடித்த கட்டம் போட்ட சட்டை எல்லாம் அடுக்கினாள். ஸ்வெட்டரையும் அவளேதான் வைத்தாள், மார்கழியில் அவருக்கு மூச்சு இழுக்கும் என்று. முரளி வைக்கவில்லை, யாரும் வைக்கவில்லை. மார்கழிக்கு இன்னும் எத்தனையோ நாள் கிடக்கிறது என்று தெரிந்துதான் வைத்தாள். அஞ்சு நாள் என்று சொன்னவனும் அதை நம்பிச் சொல்லவில்லை, கேட்டவளும் நம்பிக் கேட்கவில்லை. இரண்டு பேரும் நன்றாக நடித்தார்கள்.

இல்லை, அவர் தேடுவார். பயந்தால் என்ன, புது இடத்தில் பயந்த முகமாவது பழகின முகம்தானே? கதவு கதவாகத் தட்டிக்கொண்டு, மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டு இருப்பார். அப்படித்தான் இருக்கும், இருக்க வேண்டும். இருக்க வேண்டும் என்று நினைத்ததுமே அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. புருஷன் அழ வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற பெண்டாட்டி உலகத்தில் உண்டா? இங்கே ஒருத்தி இருக்கிறாள், வராந்தாவில், காலில் ரத்தத்தோடு. பங்களாவின் பின்பக்கம் ஜீப்பை முறுக்கிப் பார்க்கிற சத்தம் கேட்டது. அழுகிறார் என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், பையை எடுத்துக்கொண்டு ஏறிவிடுவாள். முரளி என்ன சொன்னாலும் சரி, கொண்டுவந்து வீட்டில் வைத்துக்கொள்வாள், இனிமேல் ஒன்றும் கேட்க மாட்டாள், சத்தியமாகக் கேட்க மாட்டாள், அக்கா என்றாலும் சரி, வீட்டுக்காரம்மா என்றாலும் சரி, வாடகையைக்கூட வாங்கி வைத்துக்கொள்வாள். எழுந்தாள். "ஒரே ஒரு போன் பண்ணிக்கறேம்மா" என்றாள். இங்கே செல்போனை வந்த அன்றே வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள், கையில் இருந்தாலும் சிக்னல் கிடைக்காது. ஆனால் நிரஞ்சனா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஆபீஸ் அறையைத் திறந்து, மேஜை மேல் இருந்த போனை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். இல்லத்து நம்பர் குமுதவல்லிக்கு மனப்பாடம். முரளிக்கு அது தெரியாது.

மணி நாலைந்து முறை அடித்த பிறகு ஒரு பெண் குரல் வந்தது. கூடத்துல இருக்கறவங்களைப் பாத்துக்குற ஜெசிந்தா பேசறேன், சொல்லுங்க என்றது. குமுதவல்லிக்குச் சட்டென்று தன்னை என்னவென்று சொல்வது என்று தெரியவில்லை. "சபேசன் சாரோட வீட்லேர்ந்து பேசறேன்."

"ஐயாவா? நல்லாருக்காங்கம்மா. காலையில இட்லி சாப்பிட்டுட்டு ஒக்காந்துருக்காங்க."

"அழறாரா?"

"அழல்லாம் இல்லையே. மொத நாளு கொஞ்சம் கதவு கதவாப் போயிப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. மறுநாளே சரியாயிட்டாங்க."

"எதாவது கேட்டீங்களா அவர்கிட்ட? பேரு, ஊரு, அந்த மாதிரி?"

"நான் எதுக்கும்மா கேக்கப் போறேன்? சும்மா பக்கத்துல ஒக்காந்து கீரை ஆய்வேன். அவங்களும் கூட ஆய்வாங்க." பிறகு அந்தக் குரல் இறங்கியது. "அம்மா, நீங்க தப்பா நெனைக்கலேன்னா ஒண்ணு கேக்கலாமா? உங்க பேரு குமுதாவா?"

குமுதவல்லி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "ஆமா. எப்படித் தெரியும்?"

"என்னைய அப்படித்தாம்மா கூப்புடுறாங்க. நேத்துலேருந்து. துண்டு எங்க குமுதாங்குறாங்க, கண்ணாடி எங்க குமுதாங்குறாங்க. சத்தம்னா சத்தம், கூடமே திரும்பிப் பாக்குது! இல்லைங்கய்யா, நான் ஜெசிந்தான்னு ரெண்டு தடவ சொல்லிப் பாத்தேன், மொகம் வாடிப் போச்சு. பாவமா இருந்துச்சு. அதான் பேசாம, என்னங்கன்னு பதில் குடுத்துட்டேன். தப்பாம்மா? வேணாம்னா சொல்லிருங்க, குடுக்கல."

வெளியே பொன்ராசு ஹாரனை அடித்தான். அம்மா, வர்றீங்களா என்று ஜன்னல் பக்கம் குரல் கொடுத்தான். குமுதவல்லி அவனைப் பார்த்து இல்லை என்று கையை ஆட்டினாள். கண் வழிந்தபடி இருந்தது, துடைக்கத் தோன்றவில்லை. தன்னிடம் வராத பெயர், விரல் பதிய அமுக்கியும் வராத பெயர், கீரை ஆய்கிற இடத்தில் தானாக வந்திருக்கிறது. பொறாமையா, சந்தோஷமா, வயிறு எரிகிறதா, குளிர்கிறதா, ஒன்றும் பிடிபடவில்லை.

"தப்பில்லைம்மா" என்றாள். "குடுங்க. ஆனா என்னங்கன்னு சொல்லாதீங்க, நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வந்துட்டேன்னு சொல்லணும். கை வேலையா இருந்தாலும், எந்திரிக்கவே முடியாட்டாலும், வந்துட்டேன்னு ஒரு குரல் குடுத்துடணும். அது காதுல விழுந்தாப் போதும் அவருக்கு, அப்புறம் எவ்வளவு நேரம்னாலும் பேசாம இருப்பார்."

"சரிம்மா" என்றாள் ஜெசிந்தா. ஜீப் சரிவில் இறங்குகிற சத்தம் மரங்களுக்குள் போய்க் கரைந்தது. அப்போது போனுக்குள், எங்கேயோ தூரத்தில், அந்தக் கூடத்தின் மறுகோடியிலிருந்து, விசில் ஊதிப் பழகிய அந்தத் தொண்டை, "குமுதா!" என்றது.

இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில், வந்துட்டேன் என்றார்கள்.